அடித்துவிட்ட ஒரு வரி

விட்டுப்போகல பெத்ராம், அடிச்சிருக்கார். மஹ்னாஸ்ங்கிற என் பேரை உங்க மாமா, என் ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் சம்சாமி, தன் கையால அடிச்சிட்டு, அந்த இடத்துல உங்க பேரைப் போட்டார். அந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மூணு வருஷம் கணக்குப் போட்டவ நான். கட்டுரையில பேர் வரலைன்னா இங்க எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

உட்காருங்க. அந்த இஸ்ஃபஹான் மிட்டாயைப் பைக்குள்ளயே வைங்க. மரியாதைக்கு மூணு தரம் வேண்டாம்னு சொல்வோமே, அந்த வேண்டாம் இல்ல இது. நெஜ வேண்டாம்.

சரி, உங்க பேர்ல உள்ள கட்டுரையாச்சே, உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க? ம்... காந்தமா? பரவால்லியே, தலைப்பு வரைக்கும் படிச்சிருக்கீங்க! அணு கனத்துக்கு மெல்லிசா ஒரு காந்த ஏடு. ஒரு ஓரத்தைச் சூடாக்கினா, ஒரு மாதிரி சுழல்ற எலக்ட்ரான் இந்தப் பக்கம் ஓடும், எதிர்மாதிரி சுழல்றது அந்தப் பக்கம் ஓடும். ரெண்டு பக்க மின்சாரமும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும், சுழற்சி மட்டும் மிஞ்சும். அவ்ளோதான். அழகா இருக்குல்ல?

ஆனா அந்த ஏடு காந்தமா இருக்கிறதே கொடுங்குளிர்லதான். பூஜ்யத்துக்குக் கீழ இருநூறு டிகிரியையும் தாண்டி இறங்கணும். அதை ஒரு வரியா எழுதினேன். உங்க மாமாவோ இந்த அறைச் சூட்டுலயே கணக்கைப் போடுன்னார். அப்பதானே வரைபடத்துல கோடு ஜம்முனு மேல ஏறுது! கம்ப்யூட்டருக்கு என்ன, சூட்டுல செத்த காந்தத்தையும் காந்தம்னு நம்பிக் கணக்குப் போடும். மனுஷனுக்குமா புத்தி இருக்காது? சண்டை போட்டேன். அந்த வரியை அடிச்சார், கையோட என் பேரையும். நான் வாயாடியாம்.

இப்ப கட்டுரையை அனுப்பின பத்திரிகையோட மதிப்பீட்டாளர் அதையேதான் கேட்டிருக்கார், இந்தச் சூட்டுல உங்க ஏடு காந்தமாவே இருக்குமான்னு. மாமாவுக்கு வேர்க்குது, உங்களைத் தூது விட்டுட்டார். பதிலை நான் எழுதித் தரணும், அப்படித்தானே? பேரைத் திரும்பச் சேர்ப்பாராக்கும். எத்தனாவதா? மூணாவதா! உங்களுக்கும் பின்னாலயா?

என்னது, நாளைக்குக் கெடுவா? அவசரமே இல்ல. கட்டுரை ஏத்துறது, கடிதம் பார்க்கிறது எல்லாம் எடுபிடி வேலைன்னு கடவுச்சொல்லை என்கிட்டதானே குடுத்து வச்சிருக்கார்? சனிக்கிழமையே பதில் போயாச்சு. ரெண்டே வரி, கீழ என் சொந்தப் பேரு. படிக்கிறேன், கேளுங்க:

இருக்காது. அப்படிச் சொன்னவ பேரைத்தான் இந்தக் கட்டுரையிலேருந்து அடிச்சிருக்காங்க.