மறுமுனையில் ஆள் இருக்கு

— ஒய்ய அமுக்கச் சொன்னா யூவ அமுக்கிட்டீக உம்மா. அழிங்க, அழிங்க.

— எழுத்த வரிசையா வைக்காம கலைச்சுப் போட்டவன் எவன்டி? அவன் கையில கிடைச்சா இருக்கு சேதி.

— அவர அப்புறம் ஏசலாம். ஒய், இ, எஸ். இப்ப என்டர். அந்தப் பெரிய கட்டை.

— யா அல்லாஹ்! நாளைக்கழிச்சு நிக்காஹ். கல்யாணப் பொண்ணு லேப்டாப்புல கறுப்புச் சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, பெத்தவ டைப் அடிக்கிறா. மாப்பிள்ளை வீட்டாளுக வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

— கம்பெனியோட பழைய சர்வர்ல இருக்கிறதப் புதுசுக்கு மாத்துறோம்னு சொல்லுங்க. இத முடிச்சாத்தான் எனக்கு லீவு. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் மருதாணி. கீபோர்டத் தொட்டா டிசைனும் போகும், லேப்டாப்பும் போகும்.

— அடி புள்ள, திரும்பவும் என்னமோ கேக்குதுடி. இப்பதானே பதில் சொன்னேன்?

— மாத்துற புரோகிராம் 'தொடரலாமா'ன்னு கேக்குது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கேக்கும். பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகை வரைக்கும் கேக்கும்.

— மஃரிபு வரைக்குமா? அடுப்புல பால் கிடக்குடி! பேசாம நூறு எஸ்ஸ மொத்தமா எழுதி அதுக்கிட்ட குடுத்துரு. எடுத்துக்கிட்டே இருக்கட்டும்.

— அட, எங்க உம்மாவா இது! நானும் மொதல்ல அதத்தான் செஞ்சேன். ஒரு ஃபைல் பூரா எஸ்ஸா எழுதிக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னுருச்சு.

— ஏனாம்?

— வேலைய ஆரம்பிக்கும்போதே அது சிஸ்டத்துக்கிட்ட விசாரிக்கும். 'எனக்கு எதிர்ல இருக்கிறது டெர்மினலா, வெறும் ஃபைலா?'ன்னு. டெர்மினல்னாத்தான் வேலை செய்யும். கீபோர்டும் திரையும் வச்சுக்கிட்டு ஒரு மனுசன் உக்காந்திருக்கான்னு அப்பத்தான் அதுக்கு நம்பிக்கை.

— ரோசக்காரப் புரோகிராமா இருக்கும் போல.

— அதான் ஏமாத்தப் போறோம்.

— கல்யாண நேரத்துல பொய் பித்தலாட்டமெல்லாம் வேணாம்டி கண்ணு.

— பொய் இல்ல உம்மா. பொய் டெர்மினல். அதுக்குப் பேரே அதுதான், சூடோ டெர்மினல். கேளுங்க. இந்தக் கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸுக்கிட்ட கேட்டா ஒரு ஜோடி குடுக்கும். ஒரு குழாய்க்கு ரெண்டு முனை இருக்குமே, அப்படி. ஒரு முனைய இந்த ரோசக்காரப் புரோகிராம்கிட்ட குடுத்துருவோம். அதுக்குப் பாத்தா அசல் டெர்மினல். 'நீ டெர்மினலா?'ன்னா 'ஆமா'ங்கும். 'ஒரு வரிக்கு எத்தனை எழுத்து புடிக்கும்?'னா அதையும் கூசாம சொல்லும்.

— மறுமுனை?

— அதப் புடிச்சுக்கிட்டு இன்னொரு புரோகிராம் உக்காந்திருக்கும். இங்கன அது எழுதுறதெல்லாம் அங்கன யாரோ கீபோர்டுல தட்டுன மாதிரி போய் விழும். அங்கன திரையில போடுறதா நெனச்சுப் போடுற கேள்வியெல்லாம் இங்கன வந்துரும். இந்தப் புரோகிராம் அதப் படிக்கும், எஸ்ஸுன்னு அடிக்கும்.

— அப்ப கேக்குறவனுக்குத் தெரியவே தெரியாதா, பேசுறது யாருன்னு?

— எப்படித் தெரியும்? எழுத்துதானே வருது. எழுத்துக்கு மூஞ்சியா இருக்கு?

— இல்லதான். அது வாஸ்தவம்தான்டி.

— என்ன உம்மா, உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— அடுப்படி வெக்கை. நீ சொல்லு. நடுவுல யாராச்சும் இருக்காகளா, நேரா இங்கனருந்து அங்கன போயிருமா?

— நடுவுல லினக்ஸ் உக்காந்திருக்கும். இப்ப நீங்க யூவ அமுக்கி அழிச்சீகல்ல? அது அந்தப் புரோகிராம் காதுக்கே போகல. என்டர் அடிக்கிற வரைக்கும் வரிய நடுவுலயே நிறுத்தி வச்சு, திருத்தம் முடிஞ்சதும் சுத்தமா அனுப்பும். நீங்க அடிக்க அடிக்கத் திரையில எழுத்து தெரியுதே, அதுவும் அது திருப்பிக் காட்டுறதுதான். பாஸ்வேர்டு கேக்கும்போது மட்டும் 'காட்டாதே'ன்னு சொன்னாக் காட்டாது.

— நம்ம கல்யாணத் தரகர் மாதிரியில்ல இருக்கு.

— அதேதான். இதுல தரகு கிடையாது.

— சரி, மறுமுனையப் புடிச்சிருக்கிறவ திடீர்னு விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா?

— அந்தப் பக்கம் ஒரு சேதி போகும், 'லைன் அத்துப்போச்சு'ன்னு. பெரும்பாலும் அதோட அந்தப் புரோகிராம் கதை முடிஞ்சுரும்.

— யா அல்லாஹ், சம்பந்தம் முறிஞ்ச மாதிரி.

— நீங்க ஏன் எல்லாத்தையும் கல்யாணத்துலயே கொண்டுபோய் முடிக்கிறீக? கன்ட்ரோலையும் சியையும் சேத்து அமுக்குங்க. ம், நின்னுருச்சு பாத்தீகளா? அந்த சிய நடுவுல இருக்கிறது எழுத்தாக் குடுக்கல, 'நிறுத்து'ன்னு அதட்டிருச்சு. மறுமுனையப் புடிக்கிற புரோகிராம நேத்தே ஒரு ஸ்கிரிப்டா எழுதி வச்சுட்டேன், கேள்வி எப்படி வருதுன்னு பாக்கத்தான் மொதல்ல உங்கள அடிக்கச் சொன்னேன். அதோட பேர அடிங்க. யு, எம், எம், ஏ.

— யு... எம்... எம்... உம்மா? என் பேரயாடி அதுக்கு வச்சிருக்க?

— எனக்குப் பதிலா எல்லாத்துக்கும் சரி சொல்றது இந்த வீட்டுல யாரு? என்டர் அடிங்க.

— ஓடுதுடி! அதுவே கேக்குது, அதுவே எஸ்ஸுங்குது! மாஷா அல்லாஹ்! என்ன கேட்டாலும் எஸ் சொல்லிருமா?

— சொல்லாது. அதுக்குத் தெரிஞ்ச கேள்விக்கு மட்டும்தான் சொல்லும். தெரியாத கேள்வி வந்துச்சுன்னா வாயத் தொறக்காம என்னையக் கூப்புடும். இல்லேன்னா 'எல்லாத்தையும் அழிச்சிறவா?'ன்னு கேட்டா அதுக்கும் எஸ்ஸுன்னுருமே. எவ்வளவு பெரிய வம்பு!

— ஓ. அப்படிக் கேட்டுக்கலாமாக்கும்.

— உம்மா, உங்க முந்தானைக்குள்ள ஒரு போன் முணுமுணுக்குது.

— கிடக்கட்டும்டி. எவளாச்சும் வட்டலாப்பத்துக்கு எத்தனை முட்டைன்னு கேப்பா.

— இது வாப்பாவோட பழைய போனுல்ல? திருப்பாதீக, நான் படிச்சுட்டேன். 'யும்னாக் கண்ணு, வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டியா?' அனுப்புனது சல்மான். எந்த சல்மான்? என் சல்மானா?

— நிக்காஹ் முடியல, அதுக்குள்ள என் சல்மான்ங்குறா பாரு.

— உம்மா!

— கத்தாதடி, வெளிய ஆளுக இருக்காக. அவுக உம்மாதான் மாப்பிள்ளையோட நம்பருன்னு இதக் குடுத்தாக. 'ரெண்டும் பேசிப் பழகட்டும்'னு. நம்ம கீழக்கரையில மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டோட வந்து இருக்கப்போறாரு? போற வீடு எப்படி, பொண்ணு குணம் எப்படின்னு அவருக்கும் மனசுல ஒரு இது இருக்காதா? உன்கிட்ட குடுத்தா 'ம்'னு ஒத்த எழுத்தப் போடுவ. வந்த மாப்பிள்ளை ஓடிருவாரு. அதான் நானே...

— நீங்களே மறுமுனையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீக. நான்னு சொல்லி.

— பிரியமாத்தான்டி எழுதுனேன்! அவரு மட்டும் என்ன, எம்புட்டுப் பிரியமா விசாரிக்கிறாரு தெரியுமா? சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெ வச்சியா, உங்க வீட்டுல தொதலுக்குத் தேங்காப்பால் எத்தனை தடவ புழிவீகன்னு...

— துபாய்ல ஏர்போர்ட்டுல வேலை பாக்குறவருக்குத் தேங்காப்பால் கணக்கு எதுக்கு?

— ஏன், ஆம்பளைக்கு நாக்கு இல்லையா? தங்கமான புள்ள.

— சரி, வேலைய விடுவியான்னு அந்தத் தங்கம் கேட்டப்ப என்ன பதில் போட்டீக?

— அடுப்புல பாலு...

— உம்மா.

— எஸ்ஸுன்னுதான் போட்டேன்.

— என் ஸ்கிரிப்டுக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லாமப் போச்சே! தெரியாத கேள்வி வந்தா என்னையக் கூப்புட வேணாமா?

— சம்பந்தம் முறிஞ்சிருமோன்னு பயந்துட்டேன்டி.

— பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவர நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'நான் வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சம்மதமா?' 'தாராளமா'ன்னாரு. எல்லாரு காதுலயும் விழுற மாதிரி சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சரின்னேன். இப்ப முதுகுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்துட்டியாங்கிறாரு. எனக்கு நெஞ்செல்லாம் எரியுது உம்மா. கண்ணத் தொடைக்கக்கூட கை இல்ல.

— அழாதடி என் கண்ணு. வா, நான் தொடைக்கிறேன். மருதாணிய நெத்தியில பூசிக்காத.

— அந்த நம்பருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல.

— வேணாம்டி! ஊரையே அழைச்சாச்சு, பந்தல் போட்டாச்சு.

— நாளைக்கழிச்சு நிக்காஹ்ல பொண்ணு சார்பா நிக்கிற வக்கீலும் சாட்சியும் உள்ள வந்து 'உனக்குச் சம்மதமா?'ன்னு கேப்பாக. அதுக்கும் நீங்களே எஸ் சொல்லிருவீகளா?

— அப்படிக் கேக்காதடி. அது நீ சொல்ல வேண்டியது. இந்தா, போட்டுட்டேன். மணி அடிக்குது. ஆனா ஒண்ணு, நான்தான் எழுதுனேன்னு மட்டும் சொல்லிப்புடாத. என் மானம் போயிரும்.

— சொல்லல. நீங்க மூச்சு விடக்கூடாது. எடுத்துட்டாரு... அஸ்ஸலாமு அலைக்கும். நான் யும்னா பேசுறேன். நான் வேலைய விட மாட்டேன், இப்பவும் விட மாட்டேன், எப்பவும் விட மாட்டேன். அன்னைக்குத் தாராளமான்னு சொன்னீங்களே, அது நெசமா பொய்யா? அத மட்டும் சொல்லுங்க.

— வ அலைக்கும் ஸலாம். யும்னாக் கண்ணு, கோவப்படாதம்மா, நான் சல்மானோட உம்மா பேசுறேன். இந்த போனு மொதல்லேருந்து என்கிட்டதான் இருக்கு, அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. வேலைய விடச் சொல்லிக் கேட்ட கிறுக்கச்சியும் நான்தான், அத மறந்துரு, நீ தாராளமாப் போ. ஆனா என் தங்கமே, இந்தக் கூத்து உங்க உம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது!