கட்டைவிரல் மட்டும் அவனுடையது

வாசகர் கூட்டங்களில் தருகிற டீ எனக்குப் பிடிக்காது. ஆறி, ஆடை படிந்திருக்கும். அதைவிடப் பிடிக்காதது, அதை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்களே, "அந்தக் கேரக்டர்ல நீங்க எவ்வளவு சார்?" என்று, அது. இதுவரை மழுப்பி வந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் நாவலில் வேலு என்பவன், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவுக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, குடம் குடமாகப் பச்சைத்தண்ணீர் ஊற்றி, வயிறு முட்ட இளநீர் கொடுப்பான். மறுநாள் காய்ச்சலில் போய்விடுவாள். கிடையில் விழுந்த கிழடுகளை இப்படி அனுப்பிவைப்பதற்குத் 'தலைக்கு ஊத்துறது' என்று பெயர்; திருச்சுழிப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வேலுவுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரன் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவன். இடது கட்டைவிரல் பாதிதான் இருக்கும். அதை வேலுவுக்கு வைத்தேன். அவன் அம்மாவும் ஒரே நாள் காய்ச்சலில், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் மடியிலேயே போனவள். அவன் தாங்கத்தான் செய்தான், கொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நாவல் வெளிவந்ததும், ஊருக்கு விரல் போதுமானதாக இருந்தது. அவன் அக்கா முனீஸ்வரி நரிக்குடியிலிருந்து வந்து, "பெத்தவளுக்காடா தலைக்கு ஊத்துன?" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே என்னிடம் வந்தான். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. எனக்குக் குமட்டியது.

"அண்ணே, அது நான் இல்லைன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. அவுகள விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?"

"கதையக் கதையாப் பாருப்பா" என்றேன்.

பங்குனியில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். எடுக்கிறவரை அக்கா வரவில்லை. நான் ரோஜா மாலை வாங்கிப் போனேன்.

இந்த ஊரை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. விரலைக் கண்டுபிடித்தவர்கள் மற்றதையெல்லாம் எப்படித் தாண்டிப் போனார்கள்? அந்த மூத்திர வாடை, புண்ணில் ஒட்டிக்கொண்ட சேலை, நாலாவது குடத்தில் கிழவி "குளுருதுய்யா, போதும்யா" என்றது. இதெல்லாம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலாவது குடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னது என் அம்மா. ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதினேன்.

ஆகவே, விரலைத் தவிர எல்லாம் நான்தான். கற்பனையே இல்லை என்று சொல்லமாட்டேன், நான் எழுத்தாளன். இளநீரைக் கொடுக்கும்போது வேலு வாய்விட்டு அழுவான். அது நான் சேர்த்தது.