எத்தனை நைட் ஹால்ட்?

– இது வரியில கழியாதுண்ணே. எடுத்து உள்ள வைங்க.

– என்ன தாயி, பில்லப் பாத்ததும் பாக்காததுமா கழியாதுங்குற? கூலிங்கிளாஸ் தாயி. ஏழாயிரத்து எறநூறு ரூவா. மேகத்துக்கு மேல போனா வெயிலு கண்ணுல குத்தும்னு எம்மக தீபாவே சொல்லிருக்கா. இது இல்லாம பிளேன எப்படி ஓட்டுறது?

– ஓட்ட முடியாதுதான். ஆனா மாசச் சம்பளம் வாங்குறவுக, கைக்காசு போட்டு வாங்குன சாமானையெல்லாம் வரியில கழிக்கச் சட்டத்துல எடமில்ல. சொந்தமா டாக்சி விடுறவுக டயரு பில்லக் கழிக்கலாம். சம்பளக்காரருக்கு மொத்தமா ஐம்பதாயிரத்த அரசாங்கமே கழிச்சு விட்டுரும், அம்புட்டுத்தான். பைலட்டுக்கும் அதே கணக்கு, டீச்சருக்கும் அதே கணக்கு.

– டீச்சரும் பைலட்டும் ஒண்ணா? டீச்சரு கீழயில்ல நிக்கிறாக!

– சிரிக்க வைக்காதீக டிரைவரண்ணே, கை தப்பா அடிச்சுரும். இங்க பாருங்க. கம்பெனி எதுக்குன்னு பேரு சொல்லிப் படி குடுக்குதோ, அதுக்குச் செலவழிச்சதக் கழிக்கலாம். உங்க மகளுக்கு யூனிஃபார்ம் படி வருது. சட்டை, பேண்ட்டு, ஷூ, தோள்ல மாட்டுற பட்டை, எல்லாம் சேத்துப் பதினெட்டாயிரம். பில்லு சுத்தமா இருக்கு. கழிச்சாச்சு.

– பதினெட்டாயிரமும் வரியில கொறைஞ்சுருமா?

– வரியில இல்லண்ணே, வருமானத்துல. வரியில ஒரு அஞ்சாயிரத்துச் சொச்சம் கொறையும்.

– அஞ்சாயிரமா! நான் ஒரு பை நெறைய தூக்கிக்கிட்டு வந்துருக்கேன், நீ அஞ்சாயிரங்குற. அங்குட்டு ஒதுக்கி வச்சியே, காதுல மாட்டுறது, அந்தப் பில்லத் திரும்ப எடு. அது இல்லாட்டி கீழ இருக்கவுக சொல்றது எப்படிக் கேக்கும்?

– அதுக்குக் கம்பெனி படி குடுக்கலண்ணே. அதுவும் கழியாது. டாக்டர் பரிசோதனைக்குக் கட்டுன பீசும் கழியாது, நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன். அது சரி, இது என்ன? நாட்டரசன்கோட்டைன்னு போட்டுருக்கு. கோயில் ரசீதுல்ல இது?

– கண்மலரு, தாயி. வெள்ளியில ரெண்டு கண்ணு. வருசா வருசம் அவளுக்கு மெடிக்கல் வருதா? கண்ணு ஒரு நூலு முன்னபின்ன இருந்தாலும் எறக்கி உக்கார வச்சுருவாக. அதான், ஒவ்வொரு மெடிக்கலுக்கு முன்னாடியும் நானும் அவ அம்மா அழகியும் போயி கண்ணுடைய நாயகிக்குச் சாத்திட்டு வந்துருவோம். நாலு வருசமா ஒரு தடவ கூட பெயிலு இல்ல.

– அதனால?

– அதனால இதுவும் வேலைச் செலவுதான? கண்ணு இல்லன்னா வேலை இல்ல. வேலை இல்லன்னா சம்பளம் இல்ல. சம்பளம் இல்லன்னா அவுகளுக்கு ஏது வரி?

– பேசாம நீங்க வக்கீலுக்குப் படிச்சுருக்கலாம். வேலைச் செலவுதாண்ணே, நான் ஒத்துக்கிறேன். ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி வந்தா நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறவதான். ஆனா வரி ஆபீசுல ஒத்துக்கிற மாட்டாக.

– நீ எழுதிப் பாரு தாயி. பத்தோட பதினொண்ணாப் போயிரும்.

– எழுதுனா நோட்டீசு என் பேருக்கும் வரும். அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. இந்த டார்ச்லைட்டு நம்ம செக்காலை ரோட்டுக் கடையில வாங்குனது. இது அயன்காரம்மா துண்டுச் சீட்டு. இது எதுவும் தீபலட்சுமி அனுப்புன மாதிரி தெரியல. பெங்களூர்ல இருக்கவ நம்ம மானகிரியில எதுக்குச் சட்டைய அயன் போடுறா?

– அவ அனுப்புனது அந்தப் பழுப்புக் கவரு மட்டுந்தான். அப்படியே சகாயக்காகிட்டக் குடுத்துருங்கப்பான்னு ஒன்னயத்தான் சொன்னா. யூனிஃபார்ம் பில்லு அதுல மேல இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். மத்ததெல்லாம் நாஞ் சேத்தது.

– அதான பாத்தேன். இருவது வருசம் பஸ் ஓட்டுனீக, டிரிப் ஷீட்டுல ஒரு நிமிசம் மாத்தி எழுதமாட்டீக. நான் காலேஜுக்கு ஓடி வந்தாலும் டயத்துக்கு வண்டிய எடுத்துருவீக. இப்ப எதுக்கு இந்த வேலை?

– ஒன்னய விட்டுட்டுப் போனதையே இன்னும் மறக்கலையா நீயி?

– ரெண்டு பரீட்சை போச்சுண்ணே. பேச்ச மாத்தாதீக.

– அவ அரபு நாட்டுக்குப் போறேங்குறா தாயி.

– ம்.

– அங்குட்டு ஒரு கம்பெனியில கூப்புட்டுருக்காகளாம். திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அவுக அம்மாகிட்ட போன்ல பேசுறப்ப, அங்க வரியே கெடையாதும்மான்னு சொல்லிருக்கா. அன்னையிலருந்து அழகிக்குச் சோறு எறங்கல. எனக்கு மட்டும் எறங்குதாக்கும்? ஒத்தப் புள்ள. கடல் தாண்டிப் போயிட்டா அப்பறம் நாங்க யாரப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கது? ராத்திரி பூராம் யோசிச்சேன். இங்க வரி இருக்கதுனாலதான அவ அங்க போறா? இங்கயும் வரி இல்லன்னா?

– போகமாட்டான்னு நெனச்சீகளா?

– எதுக்குப் போறா? நீயே சொல்லு. அதான் வீட்டுல கெடந்த பில்லு, கடையில கேட்டு வாங்குன பில்லு, எல்லாத்தையும் பொறக்கிக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். தாயி, ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன். எப்படியாச்சும் வரிய ஒண்ணுமில்லாமப் பண்ணிரு. திங்கக்கெழமைக்குள்ள.

– கைய எறக்குங்கண்ணே, நீங்க போயி என்னயக் கும்புட்டுக்கிட்டு. ஒண்ணுமில்லாமல்லாம் பண்ண முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு, அது நெசமான வழி. லேஓவர் படி.

– அது என்னது?

– பிளேன ஓட்டிக்கிட்டுப் போயி, அன்னைக்குத் திரும்பாம அந்த ஊர்லயே ராத்தங்குறாகள்ல? அதுக்குக் கம்பெனி தனியாப் படி குடுக்கும்.

– நைட் ஹால்ட்டுன்னு சொல்லு! எங்களுக்கும் உண்டே. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊர்ல வண்டிய நிப்பாட்டிப்புட்டு மேல ஏறிப் படுத்துருவோம். கொசு பிச்சு எடுக்கும். அப்ப பிளேனுக்கும் ஹால்ட்டு இருக்கா? அவ இதச் சொன்னதே இல்ல பாரு.

– அவுகளுக்கு ஓட்டல்ல ஏசி ரூமு. ஆனா சட்டத்துல உங்க படியும் அவ படியும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. ஓடுற வண்டியில வேலை பாக்குறவுகன்னா பஸ்சும் ஒண்ணுதான், பிளேனும் ஒண்ணுதான்.

– அப்படியா! சட்டத்துலயே எழுதிருக்கா? இத அழகிகிட்டச் சொல்லணும். என்னயப் பாத்து, ரோட்டுல உருட்டுனவருக்கு ஆகாயத்தப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறா.

– சொல்லுங்க, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இப்ப அந்தக் கவர முழுசாப் பிரிங்க. எந்தெந்தத் தேதியில எந்த ஊர்ல தங்குனான்னு பன்னெண்டு மாசத்துக்கும் குறிச்சுக் கேட்டுருந்தேன். செவப்புக் கட்டம்னா ஹால்ட்டு. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்.

– கண்ணாடியப் போட்டுக்கிறேன், இரு. ஏப்ரலு மூணு, கவுகாத்தி. நாலு, டெல்லி. ஏழு, பாட்னா. எட்டும் பாட்னாதான். அடேயப்பா, எங்கெங்க போய்ப் படுத்துருக்கா எம்மக! இந்த நீலக் கட்டம் எது?

– அது பெங்களூர்ல அவ ரூமுல தூங்குன நாளு. அது நமக்கு வேணாம். செவப்ப மட்டும் வாசிங்க.

– பதினொண்ணு, கல்கத்தா. பன்னெண்டு, அதுவுங் கல்கத்தா. பதினஞ்சு, ராஞ்சி... தாயி, அப்ப பச்சை?

– பச்சைன்னா லீவு. நம்ம ஊர்ல இருந்த நாளு.

– இந்த மாசத்துல பச்சையே இல்லையே.

– அடுத்த மாசத்துல இருக்கும், பாருங்க.

– மே மாசத்துலயும் இல்ல. ஜூன்ல ரெண்டு. அழகிக்கு ஆபரேசன் பண்ணப்ப வந்தா. அப்பறம்... இரு, இரு. தீவாளிக்குப் பச்சையே இல்ல, வராததுதான். பொங்கலுக்கு மூணு. மொத்தம் எத்தனை தாயி? எனக்குப் பதினொண்ணு வருது. நான் தப்பா எண்ணிட்டேனா?

– சரிதாண்ணே. பதினொண்ணு.

– முந்நூத்தி அறுவத்தஞ்சுல பதினொண்ணா?

– லீவு போட்டாலும் கடைசி நேரத்துல ரத்துப் பண்ணிர்றாகன்னு சொன்னா. ஒரு நாள் லீவுல அங்கருந்து இங்க வந்து போகவே சரியாப் போயிருதுல்ல?

– தெரியும், தெரியும். ஆளு பத்தலன்னுவாக. நானும் அனுபவிச்சவன்தான். ஆனா தெனம் ராத்திரி போன் போட்டு, சாப்பிட்டீகளாப்பான்னு கேப்பா. அதுல எனக்கு அவ பக்கத்து ஊர்ல இருக்காப்புலயே இருந்துச்சு. பதினொரு நாளுதான்னு இந்தக் கட்டத்தப் பாத்தப்பறந்தான் தெரியுது.

– தண்ணி குடிங்க. அந்தச் செம்புல இருக்கு, பானைத் தண்ணிதான்.

– வேணாம். கவருக்குள்ள இன்னும் ஏதோ இருக்கு பாரு. இங்கிலீசுல அச்சடிச்ச பேப்பரு, மேல மஞ்சச் சீட்டு ஒட்டிருக்கு. இது எந்தப் பில்லு?

– இங்க குடுங்க. இது பில்லு இல்லண்ணே. அந்த அரபு நாட்டுக் கம்பெனி வேலைக் காகிதம். சீட்டு எனக்கு எழுதிருக்கா.

– வாசி.

– எனக்கு எழுதுனத...

– வாசி தாயி. ஒத்தப் புள்ளய வச்சுருக்கவன் கேக்குறேன்.

– சரி, உங்களப் பத்தித்தான் எழுதிருக்கா. "சகாயக்கா, நான் இந்த வேலைக்குப் போனா, வரிச் சிக்கல் எதுவும் வராம, வருசத்துல எத்தனை நாள் மானகிரியில அப்பா அம்மாகூட இருக்கலாம்? சட்டம் அனுமதிக்கிற கடைசி நாள் வரைக்கும் சொல்லுங்க. வரி இல்லாதது எனக்குப் பெருசில்ல. இப்ப அவுககூட இருக்கது எனக்குப் பத்தல."

– அந்த மஞ்சச் சீட்டக் குடு தாயி, நானும் ஒருக்கப் பாத்துக்கிறேன்.

– இந்தாங்கண்ணே.

– நீ என்ன பதில் சொல்லப் போற?

– நூத்தி எம்பத்தோரு நாள் வரைக்கும் இருக்கலாம்னுதான். ஆனா கம்பெனி அம்புட்டு லீவு குடுக்காதுல்ல. இந்தா, இதுலயே போட்டுருக்கு, நாப்பத்திரண்டு நாளு. ரத்தெல்லாம் கெடையாது. போக வர டிக்கெட்டு அவுகளே எடுத்துக் குடுத்துருவாக. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து.

– நாப்பத்திரண்டா? நல்லாப் பாத்துச் சொல்லு.

– நல்லாப் பாத்துட்டேண்ணே. நாப்பத்திரண்டேதான்.

– இங்க பக்கத்துலயே இருந்தா பதினொண்ணு. கடல் தாண்டுனா நாப்பத்திரண்டு. இது என்ன தாயி கூத்தா இருக்கு!

– கண்ணத் தொடைங்க. யாராச்சும் பாத்தா நான் உங்கள வையிறேன்னு நெனப்பாக. சரி, மிச்சச் செவப்புக் கட்டத்தையும் நானே பாத்து அடிச்சு, லேஓவர் படியவும் கழிச்சுப் போட்டாச்சு. நீங்க நெனச்ச அளவுக்கு இல்லன்னாலும் நல்லாவே கொறைஞ்சுருக்கு. இப்பவே அவளுக்கு அனுப்பி வைக்கவா? இங்கயே எம்புட்டு மிச்சம்னு அவளும் பாக்கட்டும்.

– அய்யய்யோ, அனுப்பிராத தாயி! திங்கக்கெழமை போகட்டும், அதுவரைக்கும் வரிய இன்னுங் கொஞ்சம் ஏத்திக் காட்ட வழி இருக்கான்னு பாரு.