கதவு எண் ஏழு, ஐத் வர்ஸான்

தேநீர்க் கடையில் மூன்று பேர் இருந்தார்கள். சன்னலோரத்தில், சாலைக்கு அப்பால் பல்கலைக்கழக வாசல் தெரிய, மருந்துக்கடை ஊழியன் ஹிஷாம். அவனுக்கு எதிரில் தாளும் பேனாவுமாக அவன் அக்கா நஜாத். கணப்பை ஒட்டிய நாற்காலியில் தொலைதூரக் கல்விப் பிரிவின் எழுத்தர் ஸீ பூஷைப். அவர் காலடியில் உப்பிய தோல்பை ஒன்று. வெளியே, அட்லஸ் மலைக்குப் போகும் வேன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.

நஜாத்: ...சரி, "மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவிற்கு"ன்னு போட்டாச்சு. அப்புறம்?

ஹிஷாம்: சட்டப் பரீட்சை மையத்தை மாத்திக் கொடுங்கன்னு எழுதுக்கா.

நஜாத்: எங்கிருந்து எங்க?

ஹிஷாம்: மலைமேல ஐத் வர்ஸான்லேருந்து... அந்தா, அங்க.

நஜாத்: எது, அந்த வாசலுக்கா? நீ கடையில தும்மினா அந்தக் காவல்காரர் துவா சொல்றாரு!

பூஷைப்: மெதுவா, நஜாத் லல்லா. விதிப்படி இந்த மாணவர் ஐத் வர்ஸான்வாசி.

நஜாத்: இவனா? மலையைக் காலண்டர்லதான் பாத்திருக்கான்.

பூஷைப்: பதிவுல அப்படி இல்லையே. தொலைதூரக் கல்வி தூரத்துல இருக்கிறவங்களுக்கு. பக்கத்துல இருக்கிறவங்க பகல் வகுப்புக்கு வரணும்.

ஹிஷாம்: பகல்ல கடையை யாரு பாக்கிறது? அதான் அங்க கதவு எண் ஏழு, பெரியம்மா மகன் மிமூன் வீட்டு விலாசத்தை...

பூஷைப்: அது என் காதுல விழல.

நஜாத்: அஞ்சு வருஷமா விழலியா?

பூஷைப்: கணப்புச் சத்தம்.

ஹிஷாம்: எல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருந்தது. இந்த வருஷம் "தூரத்து மாணவர் நலன்"னு ஒரு புது விதி போட்டாங்க. எங்களுக்கு அலைச்சல் கூடாதாம். வீட்டு வாசல்லயே மையம் தொறந்துட்டாங்க.

நஜாத்: யார் வீட்டு வாசல்ல?

ஹிஷாம்: மிமூன் வீட்டு வாசல்ல.

நஜாத்: போய் எழுதிட்டு வந்துடேன். நாளைக்குத்தானே?

ஹிஷாம்: அங்க ஊர் அதிகாரி, முகத்தம் இருக்காரேக்கா...

நஜாத்: குடியிருப்புச் சான்று கொடுக்கிறவருக்குப் பரீட்சையில என்ன வேலை?

பூஷைப்: அதுவும் புது விதிதான். "இவர் இந்த ஊர்க்காரர்தான்"னு முகத்தம் முகம் பாத்துச் சொல்லணும். அப்புறம்தான் வினாத்தாள்.

ஹிஷாம்: மிமூன் பேச்சை நம்பிச் சான்று கொடுத்தவர் அவர். என் மூஞ்சியைப் பாத்ததே இல்ல. "யாருப்பா நீ?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்... பதிவு ரத்து.

நஜாத்: எழுதாம விட்டா?

பூஷைப்: அஞ்சு வருஷக் கெடு நாளையோட முடியுது. மறுபடி முதல் பாடத்துலேருந்து.

ஹிஷாம்: நீதிமன்ற வேலைக்கு வயசு வரம்பும் இந்த வருஷத்தோட சரி. அப்புறம் சாகிற வரைக்கும் இருமல் மருந்து வித்துட்டு இருக்க வேண்டியதுதான்.

நஜாத்: வாயைக் கழுவு... சரி, காரணம் என்ன எழுத? "வீடு எதிர்ல இருக்கு"ன்னா?

பூஷைப்: ஐயோ!

ஹிஷாம்: உடம்பு சரியில்லன்னு...

பூஷைப்: அதுக்கு அந்த ஊர் மருத்துவர் சான்று வேணும்.

நஜாத்: அங்க மருத்துவர் இருக்காரா?

பூஷைப்: இல்ல. அதனால அங்க யாருக்கும் நோய் வந்ததாப் பதிவே கிடையாது.

நஜாத்: பனி? ஊரே வெள்ளையாக் கிடக்காம்.

பூஷைப்: மாணவர் அந்த மண்ணுல பிறந்து வளர்ந்தவர். பனி அவருக்குப் பழக்கம்.

ஹிஷாம்: எங்கிட்ட பூட்ஸ்கூடக் கிடையாதுய்யா!

நஜாத்: இரு, இரு... "மாணவர் தற்சமயம் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்." எப்படி?

பூஷைப்: அட!

ஹிஷாம்: எந்த உறவினர்?

நஜாத்: உன் அம்மாதான். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் வேகிற நேரத்துக்கு மட்டும்தானே அந்த வீட்டுல உன் முகம் தெரியுது? விருந்தாளிதான் நீ.

பூஷைப்: பிரமாதம், லல்லா. குழுவுல இப்படி எழுத ஆள் இல்ல.

நஜாத்: கையெழுத்துப் போடுடா. ம்... மடிச்சாச்சு. ஒட்டியாச்சு. சாலையைத் தாண்டி நானே கொடுத்துட்டு வந்துடறேன்.

பூஷைப்: உக்காருங்க, உக்காருங்க! நேர்ல வாங்க மாட்டோம். தொலைதூர மாணவர் தபால்லதான் அனுப்பணும். அதுவும் வசிக்கிற ஊர் முத்திரையோட.

ஹிஷாம்: என்ன? அங்க வர முடியாதுன்னு சொல்ற கடிதத்தை... அங்க போய்ப் போடணுமா?

பூஷைப்: வேன் ஓட்டுநர்கிட்ட கொடுத்தாப் போட்டுடுவார். எல்லாரும் அப்படித்தானே...

நஜாத்: எல்லாரும்னா யாரு?

பூஷைப்: பொதுவாச் சொன்னேன். வாங்க, வண்டி கிளம்பப்போகுது.

நஜாத்: இந்தாங்க அண்ணே, ஐத் வர்ஸான் தபால்பெட்டியில சேர்த்துடுங்க. நனைஞ்சுடாமப் பாத்துக்குங்க... ஆச்சு. ஸீ பூஷைப், முடிவு எப்ப வரும்?

பூஷைப்: குழு அடுத்த மாசம் கூடும்.

ஹிஷாம்: நாளைக்குப் பரீட்சைய்யா!

பூஷைப்: அனுப்பறது மாணவர் கடமை. எப்பப் படிக்கிறதுங்கிறது குழுவோட உரிமை.

நஜாத்: இதை ஆரம்பத்துலயே சொல்றதுக்கு என்ன? நாக்குல சுளுக்கா? ...ஏங்க, நீங்க எதுக்குப் பையைத் தூக்கிட்டு வேன்ல ஏறுறீங்க?

பூஷைப்: ரெண்டு சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கேன்.

ஹிஷாம்: உங்களுக்கு அங்க என்ன? மேற்பார்வையா?

பூஷைப்: மேற்பார்வையா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்...

நஜாத்: பையைக் காட்டுங்க. என்ன இது... ரெண்டு ஜோடி பூட்ஸ். அடியில... டேய் ஹிஷாம், உன் சட்டப் புத்தகம் இவர்கிட்ட எப்படிடா?

ஹிஷாம்: என்னோடது வீட்டுல இருக்குக்கா.

பூஷைப்: என்னோடதுதான், லல்லா. பகல்ல அலுவலகத்தை யாரு பாக்கிறது? மிமூன் நல்ல மனுஷன்... கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டார்.

ஹிஷாம்: அப்ப உங்க விலாசம்...

பூஷைப்: அந்த வாசல் தெரியற இடத்துல உக்காந்துக்கிட்டு இதை எப்படிச் சொல்றது? கதவு எண் ஏழுதான். தனியாப் போனா முகத்தம் என்னையும் "யாரு நீ?"ன்னுதான் கேப்பார். ஒரே வீட்டுல ரெண்டு பேர்னா அண்ணன் தம்பியாத்தானே இருக்கணும்? உன்னை நான் காட்டுறேன், என்னை நீ காட்டு... ஏறுடா தம்பி, கதவைச் சாத்து, குளிருது.