மருந்துன்னா என்ன

ஒரு நிமிஷம் ரங்கநாதன் சார், பேனாவ மூடுங்க. இயற்கை விவசாயக் குழுவுல இருந்து தாயம்மா பேர அடிக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றத கேட்டுடுங்க. அதுக்குத்தான் லீவு போட்டுட்டு சிவாஜிநகருக்கு உங்கள தேடி வந்தேன்.

ஆமா, நெலம் என்னுது. பேத்தமங்கலத்துக்கு அந்தாண்ட ரெண்டு ஏக்கரா. பாடுபடறது அவங்க. நான் ஞாயித்துக்கெழம போய் போட்டோ எடுக்கற விவசாயி. இந்த வருஷம் உருப்படியா பெஞ்சதே ரெண்டு மழ. அக்கம்பக்கமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு கெடக்கு. நம்ம மண்ணுல மூடாக்க வெலக்கினா இன்னும் ஈரம் இருக்கு. மூணு வருஷமா ராகித் தாளு, காஞ்ச எலன்னு தலையில சொமந்து வந்து மூடினாங்க சார் அந்தம்மா. மொதமொதல்ல மண்புழு வந்த அன்னிக்கு போன் போட்டு அப்படி சிரிச்சாங்க.

அப்பறம் துவரையில புழு விழுந்துச்சு. காய் காயா ஓட்ட. இயற்கை விவசாய சர்டிபிகேட் கெடைக்க இன்னும் ரெண்டே மாசம். என்ன பண்றது தம்பின்னு போன்ல கேட்டாங்க. மருந்து அடிச்சிடுங்கன்னேன்.

நான் சொன்னது வேப்பில, நொச்சி ஊறப்போட்ட கரைசல. அவங்க கடைக்குப் போய் மருந்து கேட்டிருக்காங்க. எங்க பக்கம் மருந்துன்னா பூச்சிமருந்துதானே சார்? கடக்காரன் வெசத்த குடுத்துட்டான். உங்க டெஸ்ட்ல மாட்டிக்கிச்சு. படிக்காதவங்க, தப்பா புரிஞ்சிக்கிட்டாங்கன்னு போன மீட்டிங்ல சும்மானாச்சும் சொல்லிட்டேன். அவங்க என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. அவங்க பேர அடிச்சா அவங்க சொந்த அர ஏக்கரா ராகியயும் குழு வாங்காது. வாங்காதுல்ல?

கரைசலா? அது என் பொறுப்புதான். எங்க வீட்டு மாடியில ஊற வெச்சு, கேன்ல புடிச்சு, நாந்தான் எடுத்துட்டுப் போவேன். வேற யாருகிட்டயும் கெடைக்காது.

அந்த வாரம் போகல சார். என் சம்சாரம் ஷோபாவோட அக்கா வீட்டு கிரகப்பிரவேசம்.

கேனா? நீலசந்திராவுலதான், எங்க வீட்டு பாத்ரூம்ல. இன்னும் மூடிகூட தொறக்கல. போன்ல மருந்துன்னு சொல்றப்ப அது என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. கடைக்குத்தான் போவாங்கன்னு தெரியும். காயும் பொழைக்கணும், பழி வராம நானும் சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன்.

இப்ப பேனாவ தொறங்க சார். அடிக்க வேண்டிய பேரு என்னுது, குணசேகர்.