சாதாரண சளி

இரவு இரண்டேகால் மணி. திருக்கழுக்குன்றம் தாண்டிச் செங்கல்பட்டுப் போகிற சாலை. ஈ, காக்கை இல்லை...

கரண்ட் போன அறையில், ஒரே போர்வைக்குள் நெருக்கியடித்திருந்த சிநேகிதர்களிடம் ஆல்வின் சொன்னது இது. அவனுடைய நண்பனின் மாமா ஏசுதாஸ் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாட்ச்மேன். அவர் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்.

பைக்கில் தனியாகப் போனவர் 'டாக்டர்' பாலசுப்ரமணியன். மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் மாத்திரை மடித்துக் கொடுத்தே டாக்டரானவர். பட்டம் வண்டியில் மட்டும் ஒட்டியிருந்தது, சிவப்பு ஸ்டிக்கராக. அந்த நேரத்திலும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். இருட்டுக்கும் மரியாதை தெரிய வேண்டாமா? யாருக்கு என்ன காய்ச்சல் வந்தாலும் அதை வைத்து, "மூச்ச இழு... வுடு... சாதாரண சளி" என்பார்.

போன மாதம் மீனவர் குப்பத்துக் காத்தவராயனுக்கும் அதையே சொன்னார். ஃப்ளூ காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. ஆறாம் நாள் திரும்பியது. மூச்சு இரைத்தது. சளி துரு நிறத்தில் வந்தது.

"செங்கல்பட்டுக்கு இட்டுகினு போவட்டுமா சார்?" கெஞ்சினாள் அவன் பெண்சாதி வச்சலா.

"சளிக்குச் செங்கல்பட்டா? அப்ப நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

விடிவதற்குள் காத்தவராயன் போய்விட்டான்.

இப்போது டாக்டருக்கே நாலாம் நாள் விட்டு, ஆறாம் நாள் திரும்பிய காய்ச்சல். உதடு நீலம். பகலில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஊர் பார்த்துவிடும். அதனால்தான் இந்த நேரம்...

புளியமரங்களைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. ஈர வலை நாற்றம். கூடவே தைலம். காதோரம், காலி சோடா பாட்டிலில் ஸ்ட்ரா உறிஞ்சுகிற சத்தம்... களக்... களக்...

முதுகில் சில்லென்று, வட்டமாக ஒன்று பதிந்தது.

கழுத்தைத் தடவினார். ஸ்டெதாஸ்கோப் இல்லை.

"மூச்ச இழு சார்..."

இழுத்தார். பாதிதான் வந்தது.

"வுடு..."

கண் இருட்டியது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் பைக் வந்து நின்றது. ஏசுதாஸ் ஓடிப்போய்த் தாங்கினார். இத்தனையையும் அவர் காதில் விட்டு விட்டு முனகிய டாக்டர், விடியுமுன் அடங்கினார். நுரையீரல் முழுக்கச் சீழாம்.

போர்வைக்குள்ளிருந்து எழில் கேட்டான்: "கண்ணு இருட்டிகினா... அவ்ளோ தூரம் எப்டி மச்சான் ஓட்டிகினு வந்தாரு?"

ஆல்வின் போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"மாமா அவர எறக்குனது பின் சீட்லேர்ந்து மச்சான்... முன்னாடி யாரும் இல்ல. ஹேண்டில் ரெண்டுலயும் மீன் செதிலு. ஈரமா."