கீழ்ப் போர்ஷன் டெபாசிட்தாரர்

வெயில் நாளில் பாண்டி பஜாரில் நடப்பதென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தோது, இன்ஸ்பெக்டர். தொண்ணூற்றாறில் நான் தினமும் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அங்கே நடந்தேன். டாக்டர் சொல்லி அல்ல. அந்த நிதி நிறுவனத்தை மூடிவிட்டார்களா என்று பார்க்க. திறந்திருந்தால் அன்றைக்கு இருப்புக் கொள்ளாது, தூக்கமும் வராது.

சட்டக் கல்லூரியில் இருபது வருஷம் பொருளாதாரக் குற்றங்கள் நடத்தினேன். சொன்ன உதாரணமெல்லாம் லண்டன், நியூயார்க். கடைசி பெஞ்சு கொட்டாவி விட்டது. என்னிடம் படித்தவனெல்லாம் புத்தகம் போட்டு மாலை வாங்கிக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் இந்தக் கம்பெனி நூற்றுக்கு முப்பத்தாறு வட்டி என்று விளம்பரம் செய்தது. புதிதாகப் போடுகிறவர் பணத்தை எடுத்துத்தான் பழையவருக்கு வட்டி கொடுக்கிறார்கள் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. போலீஸில் சொல்லியிருக்கலாம். பிஞ்சிலேயே கிள்ளிவிட்டால் அது வழக்கா என்ன, பேப்பரில் நாலு வரிச் செய்தி. முற்ற வேண்டும். ஏமாறுகிறவர் ஒருவரையாவது முதல் நாளிலிருந்து பக்கத்தில் இருந்து பார்க்கவும் வேண்டும்.

என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் ஜலஜா குடியிருந்தாள். கணவர் தவறியபோது அவர் ஆபீஸ் கொடுத்த பணத்தை மகள் மாளவிகாவின் கல்யாணத்துக்கென்று தொடாமல் வைத்திருந்தாள்.

"மாமா, நீங்க சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவர். அந்தக் கம்பெனியில போடலாமோ?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போடும்மா" என்றேன். வற்புறுத்தவில்லை. கேட்டாள், சொன்னேன்.

ஆடி மாதம் ஷட்டர் இறங்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு முதல்ல எப்போ சந்தேகம் வந்தது?" என்று கேட்டேன். ஆராய்ச்சிக்கு அது முக்கியமான கேள்வி.

"உங்களைக் கேட்டுண்டுதானே மாமா போட்டேன். அப்புறம் எப்படி சந்தேகம் வரும்?"

கல்யாணம் நின்றது. அடுத்த வாரம் ஜலஜா கொல்லைக் கிணற்றில் விழுந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளிடம் கேட்க இன்னும் நிறைய பாக்கி இருந்தது.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிய புத்தகம் இந்த வருஷம் கல்லூரியில் பாடமாகிவிட்டது. மாளவிகா அதைப் படித்துவிட்டு உங்களிடம் எதற்கு வந்தாள் என்றுதான் புரியவில்லை. அவள் அம்மாவின் பெயரை மாற்றித்தானே எழுதியிருக்கிறேன். யார் மனமும் நோகக்கூடாது என்பதில் நான் எப்போதுமே கவனமாக இருப்பவன்.